கலமும் குண்டும் எழுத்தும்

சாயர்புரம் கடைத்தெருவில் பழைய பாத்திரங்களை வாங்கி விற்கும் கடையொன்றின் முன் அண்மையில் நாம் சிறிது நேரம் நிற்க நேர்ந்தது. மூதாட்டி ஒருவர் துணிப்பைக்குள்ளிருந்து ஓர் ஈயச்செம்பை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினார். அவர் உடனே அதைத் தராசில் வைத்துவிடவில்லை. செம்பின் விளிம்பைக் காதருகே கொண்டுபோய்ச் சற்றே வளைத்தார். மெல்லிய கீச்சொலி கேட்டது. பிறகு அதன் அடிப்புறத்தை ஒரு வெள்ளைத் தாளில் தேய்த்தார்; கரிய கோடு விழவில்லை. "வெள்ளீயந்தான் அம்மா" என்று சொல்லிவிட்டே எடை போட்டார். காரீயமாக இருந்திருந்தால் விலை பல மடங்கு குறைந்திருக்கும்.

நம்முடன் வந்திருந்த நண்பர் பல்லாண்டுகளாக அமெரிக்காவில் வாழ்பவர். அவர் ஒரு செய்தி சொன்னார். அந்நாட்டில் வேட்டைக்கும் குறிபார்த்துச் சுடும் பழக்கத்துக்குமாகத் தம் வீட்டிலேயே துப்பாக்கிக் குண்டு வார்த்துக்கொள்வோர் பலர் உண்டாம். அவர்கள் பழைய பொருட்சந்தைகளில் அலைந்து, 'பியூட்டர்' என்னும் வெள்ளீயக் கலவையாலான தட்டுகளையும் குவளைகளையும் தேடி வாங்கிக் காரீயத்தோடு சேர்த்து உருக்குவார்களாம். புதிய வெள்ளீயத்தின் விலையை விடப் பழைய கலத்தின் விலை குறைவு என்பதே காரணம்.

உண்ணும் கலத்தை உருக்கிக் குண்டு வார்ப்பதா என்று முதலில் நமக்கு வியப்பாகவே இருந்தது. எண்ணிப் பார்த்தால் வியக்க ஒன்றுமில்லை. இது பழைய வழக்கம். அந்த வெள்ளீயம் கடல் கடந்து வந்த வழியில் நம் முன்னோரின் மரக்கலங்களும் இருந்தன. அந்தக் கடையிலிருந்து வடக்கே பாஞ்சாலங்குறிச்சியும், கிழக்கே பழைய காயலும் புன்னைக்காயலும், தெற்கே காயல்பட்டினமும் எட்டிவிடும் தொலைவிலேயே உள்ளன. கலம், குண்டு, எழுத்து என ஈயம் எடுத்த மூன்று வடிவங்களின் வரலாற்றையும் இந்தச் சிறு வட்டத்துக்குள் நின்றே பேசிவிடலாம்.

இரண்டு ஈயங்கள்

தமிழில் 'ஈயம்' என்னும் ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. ஒன்று காரீயம், மற்றது வெள்ளீயம். பெயரில் உடன்பிறப்புகள், குணத்தில் அயலார். காரீயம் நீரைவிடப் பதினொரு மடங்குக்கு மேல் கனமானது. 327 பாகை வெப்பத்தில் உருகும். கையில் பட்டால் கருமை ஒட்டும். உடலுக்குள் சென்றால் நஞ்சு. வெள்ளீயம் நீரைவிட ஏழு மடங்கு கனம், 232 பாகையிலேயே உருகிவிடும், வெள்ளி போல் ஒளிரும், உணவைக் கெடுக்காது. அதனாலேயே அது அடுக்களைக்குள் இடம் பெற்றது.

துப்பாக்கிக் குண்டுக்கு முதன்மையான உலோகம் காரீயமே. கனமான பொருளே காற்றைக் கிழித்து நெடுந்தொலைவு செல்லும். ஆயினும் தனிக் காரீயம் மிக மென்மையானது. அச்சில் வார்க்கும்போது மூலை முடுக்குகளை முழுமையாக நிரப்பாது. சிறிதளவு வெள்ளீயம் சேர்ந்தால் உருகிய உலோகம் நன்றாக ஓடி அச்சை நிரப்பும். குண்டும் சற்று உறுதி பெறும். 1871-இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் குண்டில் 12 பங்கு காரீயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் இருந்தது. ஆகவே குண்டு வார்ப்போனுக்கு வெள்ளீயம் உணவில் உப்புப் போல. அளவு சிறிது, இல்லாவிட்டால் குறை தெரியும்.

பியூட்டர் என்பது வெள்ளீயத்தை அடிப்படையாகக் கொண்ட கலவை. ஐரோப்பிய வீடுகளில் பீங்கான் பரவுமுன் தட்டும் குவளையும் கரண்டியும் அதனால் ஆனவை. மலிவான வகைகளில் காரீயம் மிகுதியாகக் கலக்கப்பட்டது. எந்த வகையில் எதை எவ்வளவு சேர்க்கலாம் என்பதற்கு லண்டன் பாத்திர வினைஞர்கள் 1348-லேயே விதி வகுத்துக்கொண்டனர். நம் நாட்டில் அதற்கு நேரான பொருள் ஈயச்செம்பு. புளியும் மிளகும் கொதிக்கும் சாற்றுக்கென்றே தென்தமிழக வீடுகளில் அது வைத்திருக்கப்பட்டது.

முஸ்லிம் இல்லங்களில் வெள்ளீயம் வேறொரு கோலத்தில் வாழ்ந்தது. நிக்காஹ் விருந்துக்கும் கந்தூரிக்கும் சோறாக்கும் செப்புத் தேக்சாக்களின் உட்புறம் முழுவதும் அது பூசப்பட்டிருந்தது. நால்வர் சுற்றி அமர்ந்து உண்ணும் சகனிலும் கலாய்ப் பூச்சு ஒளிர்ந்தது. ஆண்டுக்கொரு முறை கலாய்க்காரர் தெருவுக்கு வருவார். மண்ணில் குழி தோண்டித் துருத்தி வைத்து, செம்பைச் சூடாக்கி, நவச்சாரப் பொடி தூவி, வெள்ளீயக் கம்பியைத் தொட்டுப் பஞ்சால் ஒரே வீச்சில் தேய்ப்பார். கறுத்த தேக்சா நிலவுபோல் ஆவதைக் காணச் சிறுவர் கூட்டம் சூழ்ந்து நிற்கும். அவர் பூசிய அந்த மெல்லிய படலம் எங்கிருந்து வந்தது?

கலாய் என்னும் சொல்

விடை அந்தத் தொழிலின் பெயரிலேயே இருக்கிறது. கலாய் என்பது வெள்ளீயத்தைக் குறிக்கும் 'கலயீ' என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது. 'கலா' என்னும் ஊரிலிருந்து வந்த உலோகம் என்பது அதன் பொருள். 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புவியியல் அறிஞர் இப்னு குர்தாத்பிஹ் முதலானோர் கீழைக்கடலில் உள்ள கலாவையும் அங்குள்ள வெள்ளீயச் சுரங்கங்களையும் குறித்துள்ளனர். அந்தக் கலா மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இருந்தது என்பர். இன்றைய கெடாதான் அது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 1025-இல் முதலாம் இராசேந்திரன் படையெடுத்துச் சென்ற கடாரமும் அதுவே எனக் கொள்வர். சோழர் கல்வெட்டு கடாரம் என்றது. அரபு மாலுமி கலா என்றார். நம் தெருவில் கலாய் என்ற கூவல் ஒலித்தது. ஒரே கரையின் நினைவு மூன்று நாவுகளில் தங்கியிருக்கிறது எனலாம்.

தமிழ் மண்ணில் வெள்ளீயச் சுரங்கம் இல்லை. ஆயினும் அதன் பயன் இங்கு மிகத் தொன்மையானது. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1899-க்கும் 1905-க்கும் இடையே அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த வெண்கலக் கலங்களை நினைவுகூரலாம். வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. ஆகவே வெளியிலிருந்து வெள்ளீயம் வராமல் அக்கலங்கள் இல்லை.

பிற்காலத்தில் இவ்வணிகத்தைக் கைக்கொண்டோருள் மரைக்காயரும் பிற சோழமண்டலக்கரை முஸ்லிம் வணிகரும் முதன்மையானோர். மலாய் நாட்டவர் அவர்களைச் 'சூலியா' என்றனர். இங்கிருந்து துணி சென்றது. கெடா, பேராக், புக்கெட் ஆகிய துறைகளிலிருந்து வெள்ளீயமும் யானையும் பாக்கும் மிளகும் திரும்பின. பருவக்காற்றைக் கணக்கிட்டுப் பாய் விரித்த அந்த மரக்கலங்களின் அடித்தட்டில் அடுக்கப்பட்ட வெள்ளீயக் கட்டிகள் கப்பலுக்கு நிலைப்பாரமாகவும் இருந்தன. கரை சேர்ந்ததும் சரக்காகவும் ஆயின.

இந்த வாணிகத்தின் கழுத்தைப் பிடிக்க முயன்றது டச்சுக் கம்பெனி. 1641-இல் அது மலாக்காவைப் போர்த்துகீசியரிடமிருந்து பறித்தது. 1642-இல் கெடாவுடன் ஒப்பந்தம் செய்து, வெள்ளீயம் முழுவதும் தனக்கே வரவேண்டுமென முயன்றது. நம்மவர் கப்பல்களை அத்துறைகளிலிருந்து விலக்கி வைக்க அது படாத பாடுபட்டது. உள்ளூர் மக்களும் மன்னர்களும் இதை விரும்பவில்லை. 1651-இல் பேராக்கில் இருந்த டச்சுக் கிடங்கு தாக்கப்பட்டு அதன் ஊழியர் கொல்லப்பட்டனர். துணி கொண்டுவந்து நல்ல விலை தந்த சூலியா வணிகரைக் கெடாவும் பேராக்கும் மறைவாகவேனும் வரவேற்றே வந்தன. 1658-இல் அதே டச்சுக் கம்பெனி தூத்துக்குடியையும் கைப்பற்றியது. வெள்ளீயம் புறப்படும் வாயில், வந்து சேரும் வாயில் இரண்டிலும் ஒரே காவற்காரன் நின்றான். அதற்கும் ஈடுகொடுத்து நம் முன்னோர் கடலோடினர் என்பது பெருமைக்குரியது.

துறை அடைபட்டால்

துறைமுகத்தைக் காப்பவன் ஈயத்தையும் காக்கிறான். இதை நெல்லைச் சீமையின் பாளையக்காரர் நன்கு அறிந்திருந்தனர். தமிழகத்தில் காரீயமும் பெருமளவில் விளையவில்லை. வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பை உப்புமண்ணிலிருந்து காய்ச்சி எடுக்கலாம். கரியை எந்த மரத்திலிருந்தும் சுட்டெடுக்கலாம். காரீயத்துக்கும் கந்தகத்துக்கும் கடலையோ தொலைதூர வணிகரையோ நம்ப வேண்டும்.

1783 ஆகஸ்டில் கர்னல் ஃபுல்லார்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தபோது அங்கே ஓர் ஆவணம் கிடைத்தது. கொழும்பிலிருந்த டச்சு ஆளுநருக்கும் அப்பாளையக்காரருக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கையின் மூலப்படி அது. அதைத் தாமே தம் நூலில் ஃபுல்லார்ட்டன் எழுதியுள்ளார். கடற்கரையைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரரோடு உள்நாட்டுக் கோட்டை உறவு பூண்டது ஏன் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆயுதமும் அதற்கு வேண்டிய பொருளும் தூத்துக்குடி வழியாகவே வர முடியும்.

1795-இல் ஆங்கிலேயர் தூத்துக்குடியை டச்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். அந்த வழி அடைபட்டது. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். அக்டோபர் 16-ஆம் நாள் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடிக்கப்பட்ட கோட்டை மீண்டும் எழுந்தது. மீண்டெழுந்தோர் தூத்துக்குடியையும் பிடித்தனர். போர்த்தொழில் அறிந்தோர் இதைக் கவனிக்க வேண்டும். மண்கோட்டையை உழைப்பால் சில நாட்களில் எழுப்பிவிடலாம். குண்டுக்கு வேண்டிய உலோகத்தை உழைப்பால் மட்டும் விளைவிக்க முடியாது. அதற்குக் கடல்வாயில் வேண்டும்.

1801 மார்ச் 31-இல் தாக்கிய கும்பினிப் படையைக் கோட்டையினர் துரத்தியடித்தனர். வலுவான படைகளோடு வந்த கர்னல் அக்னியூவின் தலைமையில் மே 24-இல் கோட்டை விழுந்தது. அப்போரில் கலந்துகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் அதிகாரி பின்னர் எழுதிய நினைவுக் குறிப்புகளில், ஈட்டியை முதன்மைப் படைக்கலமாகக் கொண்டு அவர்கள் நின்று போரிட்ட தீரத்தை வியந்து போற்றுகிறார். பீரங்கிக்கு எதிரே ஈட்டி ஏந்தியோரின் வீரம் பெரிது. அவர்கள் ஈட்டியைப் பெரிதும் நம்ப நேர்ந்ததற்குப் பின்னால் அடைபட்ட துறைமுகமும் இருக்கிறது.

வென்றவர்களும் இதை மறக்கவில்லை. 1801 டிசம்பர் 1-ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிக்கை, தென்பாளையங்களில் படைக்கலம் தாங்குவதைத் தடை செய்தது. பின்னர் நாடு முழுவதற்குமாக வந்த 1878-ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் இன்னும் நுட்பமானது. படைப்பொருள்கள் என்பதற்கு விளக்கம் தருகையில், துப்பாக்கியோடு நில்லாமல் காரீயம், கந்தகம், வெடியுப்பு ஆகியவற்றையும் பெயர் சொல்லி அதற்குள் கொண்டுவர இடம் வைத்தது. வலைக்குக் கட்டும் ஈயக்குண்டும் ஒருநாள் வேறு குண்டாகலாம் என்பதைச் சட்டம் எழுதியவன் அறிந்திருந்தான்.

அதே 1801-ஆம் ஆண்டில்தான் கடலுக்கு அப்பால் பினாங்கில் காதர் முஹ்யித்தீன் மரைக்காயர் தலைமையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் நிறுவப்பட்டது. இங்கே ஒரு கோட்டை தரைமட்டமானது. அங்கே வெள்ளீயக் கரையில் நம் மக்களின் தொழுமிடம் எழுந்தது. ஒரே ஆண்டு, ஒரே கடலின் இரு கரைகள்.

சிலையும் குழலும்

துறை அடைபட்டவர்கள் ஈயத்துக்கு எங்கே போவார்கள்? வீட்டுக்குள்ளும் தெருவுக்குள்ளும் தேடுவார்கள். இதற்கு மிகத் தெளிவான சான்று அமெரிக்க விடுதலைப் போரில் கிடைக்கிறது.

நியூயார்க் நகரில் 1770-இல் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குப் பொன்முலாம் பூசிய காரீயச் சிலை ஒன்று நிறுவப்பட்டது. 1776 ஜூலை 9-ஆம் நாள் விடுதலை அறிக்கை படிக்கப்பட்டதும் மக்கள் திரண்டுபோய் அச்சிலையைக் கயிறு கட்டி வீழ்த்தினர். துண்டுகள் கனெக்டிகட் மாநிலத்து லிட்ச்ஃபீல்டு என்னும் ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கே ஒரு வீட்டில் அவை உருக்கப்பட்டு 42,088 குண்டுகள் வார்க்கப்பட்டன. வார்த்தவர்களுள் பெண்களும் சிறாரும் இருந்தனர். யார் யார் எத்தனை வார்த்தனர் என்ற கணக்கும் எழுதி வைக்கப்பட்டது. அக்காலத்தில் பியூட்டர் தட்டுகளையும் கரண்டிகளையும் போருக்கென இல்லத்தரசியர் ஈந்ததாக அமெரிக்கக் குடும்பங்கள் பல இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கின்றன.

முதல் உலகப் போரில் ஜெர்மனி முற்றுகைக்குள்ளானபோது 1917-இல் தேவாலயங்களின் இசைக்கருவிகளிலிருந்த வெள்ளீயக் குழல்களை அரசே கழற்றி எடுத்தது. இரண்டாம் உலகப் போரில் நம்மவர்க்கு நெருக்கமான ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. 1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியரிடம் வீழ்ந்தது, 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர், மார்ச்சில் ரங்கூன். கடையும் தொழிலும் விட்டு எத்தனையோ தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பிய ஆண்டு அது. அதே வீழ்ச்சியால் நேச நாடுகள் உலகின் மிகப் பெரிய வெள்ளீய வளத்தை இழந்தன. அதன் எதிரொலி எவ்வளவு தொலைவு கேட்டது தெரியுமா? 1942 ஏப்ரலிலிருந்து அமெரிக்கக் கடைகளில் புதிய பற்பசைக் குழல் வாங்க வேண்டுமானால் தீர்ந்துபோன பழைய குழலைத் திருப்பித் தரவேண்டும் என்று ஆணையிடப்பட்டது. அக்குழல்கள் வெள்ளீயத்தால் ஆனவை. பினாங்குத் துறையில் கொடி மாறியது. நியூயார்க்கில் பல் துலக்குவோனும் அதை உணர்ந்தான்.

பாலாடைக்கட்டி உறையும் தமிழெழுத்தும்

இதுவரை கலம் குண்டான கதையைப் பேசினோம். அதே பழைய உலோகத்துக்கு இன்னொரு வழியும் திறந்திருந்தது. அதைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை பாதி வழியில் நின்றுவிடும்.

அச்சு எழுத்து வார்க்கும் உலோகமும் காரீயம், வெள்ளீயம், ஆண்டிமனி என்னும் மூன்றின் கலவையே. வெள்ளீயம் குண்டுக்குச் செய்யும் உதவியையே எழுத்துக்கும் செய்கிறது. உருகிய உலோகம் எழுத்தின் சுழியிலும் வளைவிலும் சென்று நிரம்ப அது துணை நிற்கிறது. குண்டு வார்ப்போனும் எழுத்து வார்ப்போனும் ஒரே அடுப்பின் முன் அமர்ந்தவர்கள். அச்சு மட்டும் வேறு.

இந்திய மொழிகளுள் முதன்முதலில் அச்சேறியது தமிழ். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. 1586-இல் வெளிவந்த 'அடியார் வரலாறு' இம்முத்துக்குளித்துறையின் புன்னைக்காயலில் அச்சிடப்பட்டதெனக் கருதப்படுகிறது. பறங்கியர் பீரங்கியோடு வந்த அதே கரையில் ஈயம் எழுத்தாகவும் இறங்கியது.

தரங்கம்பாடியில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. சீகன்பால்குவின் அச்சகத்துக்காக ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்தன, தாள் போதவில்லை. சிறிய எழுத்து வார்க்க வேண்டும், உலோகம் இல்லை. 1713-இல் வந்து சேர்ந்த ஆட்லர் என்னும் வினைஞர் குழுவினர் சுற்றுமுற்றும் பார்த்தனர். இங்கிலாந்திலிருந்து அன்பளிப்பாக வந்திருந்த பாலாடைக்கட்டிகளைச் சுற்றியிருந்த ஈய உறைகள் கண்ணில் பட்டன. அவற்றை உருக்கியே தமிழெழுத்து வார்த்தனர். எறியவிருந்த உறை எழுத்தாயிற்று. பழைய ஈயத்தைத் தேடி அலைந்த வரலாற்றில் இதைவிட நல்ல முடிவைக் கண்ட தேடல் அரிது.

இன்னும் ஓர் ஆண்டு நம் நினைவுக்குரியது. 1842-இல் ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்களின் முயற்சியால் உமறுப்புலவரின் சீறாப்புராணம் முதன்முதலாக அச்சேறியது. ஓலைச்சுவடிகளில் ஒடுங்கியிருந்த அப்பெருங்காப்பியம் தமிழ் முஸ்லிம் இல்லங்கள்தோறும் செல்ல வழி திறந்தது. அதே 1842-இல்தான், 1814-இல் சாமுவேல் சாயர் பெயரால் உருவான இந்தச் சாயர்புரத்தில் ஜி. யு. போப் கல்விக்கூடம் தொடங்கினார். பின்னாளில் 1886-இல் அவருடைய திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் புலவரின் காப்பியமும், சாயர்புரத்தில் தமிழ் பயின்று பயிற்றியவரின் உழைப்பும் உலகுக்குக் கிட்டியது அச்சினால். ஊமைத்துரையின் கோட்டை வீழ்ந்து நாற்பத்தொரு ஆண்டுகளுக்குள் இச்சீமை ஈயத்துக்கு வேறொரு பயன் கண்டுவிட்டது.

நாம் வளர்ந்த காலத்து இதழ்கள் யாவும் ஈய எழுத்துகளால் கோக்கப்பட்டவை. அச்சுக் கோப்பவர் விரல் நுனிகள் கறுத்திருக்கும். தேய்ந்த எழுத்துகள் மீண்டும் வார்ப்புக்குப் போகும். புதிய அச்சு முறை வந்தபின் அவ்வெழுத்துகள் கிலோக் கணக்கில் பழைய உலோகக் கடைகளுக்குச் சென்றன. கவிதையும் கட்டுரையும் மணமக்கள் அழைப்பும் மரண அறிவிப்பும் சுமந்த எழுத்துகள் அவை. அமெரிக்கக் குண்டு வார்ப்போர் தேடி வாங்கும் பழைய உலோகங்களுள் அந்நாட்டு அச்சு எழுத்துகளும் உண்டு என்று நண்பர் சொன்னபோது நமக்குச் சற்று நெஞ்சு கனத்தது.

இல்லத்தாருக்கு ஒரு சொல்

வரலாறு பேசுவோர் வாழ்க்கைக்கு உதவும் ஒரு சொல்லையும் சொல்லிவிட வேண்டும். 'ஈயம்' என்னும் ஒரே பெயர் இரண்டு உலோகங்களுக்கு இருப்பதால் நம் வீடுகளில் ஒரு தீங்கு நுழைய வழியுண்டு. வெள்ளீயத்தின் விலை மிகுதி. காரீயத்தின் விலை குறைவு. ஆகவே செம்பிலும் கலாய்ப் பூச்சிலும் காரீயம் கலக்கும் ஆசை வணிகத்தில் எழுவது இயல்பே. புளிக்கரைசல் கொதிக்கும்போது அதன் புளிப்பு காரீயத்தைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும். காரீயத்துக்குத் தீங்கற்ற அளவு என ஒன்று இல்லையென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பெரியோரைவிடக் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கே அதனால் ஊறு மிகுதி. சந்தையில் விற்கும் சுர்மாக்கள் பலவற்றிலும் காரீயச் சேர்மம் கண்டறியப்பட்டுள்ளது. பச்சிளங்குழந்தைகளின் கண்ணுக்கு அதைத் தீட்டுவோர் இதை நினைக்க வேண்டும்.

கடைக்காரர் செய்த சோதனைகள் பயனுள்ளவை. தூய வெள்ளீயம் வளைத்தால் கீச்சிடும். காரீயம் தாளில் கரிக்கோடு இழுக்கும். ஆயினும் சிறிதளவு கலப்பை இவை காட்டிக்கொடுக்கமாட்டா. ஐயமிருந்தால் கருவியால் ஆய்ந்து தரும் இடங்களில் சோதித்தபின் பயன்படுத்துக. இயலாவிடில் காட்சிப் பொருளாக வைத்துக்கொள்க. பழைய பியூட்டர்க் கலங்களுக்கும் இதே விதிதான்.

கரையோரக் குடும்பங்கள் சில வலைக்கான ஈயக்குண்டுகளை வீட்டு முற்றத்திலேயே உருக்கி வார்க்கும் வழக்கம் உண்டு. அதன் தூசியும் புகையும் குழந்தைகள் விளையாடும் மண்ணில் படிகின்றன. அவ்வடுப்பு வீட்டைவிட்டு விலகியிருக்க வேண்டும். சமையற்பாத்திரம் அதற்கு ஆகாது. துப்பாக்கிக் குண்டைப் பொறுத்தமட்டில், உரிமமின்றி வார்ப்பது நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றமாகும்.

மீண்டும் அக்கடைக்கு வருவோம். மூதாட்டி பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். செம்பு கடையின் மூலையில் மற்ற உலோகங்களோடு சேர்ந்தது. அதன் பயணம் எங்கே முடியும் என்று நாம் கேட்டோம். "பற்றவைக்கும் கம்பிக்குப் போகும்; கலாய்க்குப் போகும்; எங்கே விலை கிடைக்கிறதோ அங்கே போகும்" என்றார் கடைக்காரர். கடாரத்து மண்ணிலிருந்து யாரோ தோண்டியெடுத்து, யாரோ ஒரு மரைக்காயர் கப்பலேற்றி, ஓர் அடுக்களையில் தலைமுறை தலைமுறையாகச் சாறு கொதித்த உலோகம் அது. உலோகத்துக்கு விருப்பம் இல்லை. வார்ப்பவன் எந்த அச்சை எடுத்து வைக்கிறானோ அதன் வடிவத்தையே அது கொள்கிறது. அச்சைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மனிதனுடையது.

நண்பர் கேட்டுக்கொண்டதன் பேரில் அச்செம்பை நாமே விலைக்கு வாங்கினோம். மூதாட்டி சற்றுத் திரும்பிப் பார்த்தார், "உருக்கமாட்டீங்களே?" என்றார். உருக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.